கறுப்பு லென்ஸ் மட்டும் போதாது: வெயிலிலிருந்து கண்ணைக் காக்க ஒரு வழிகாட்டி

கூலிங் கிளாஸ் வாங்கப் போனால் மாட்டிப் பார்ப்போம், வெளியே எட்டிப் பார்ப்போம், கூச்சம் அடங்கினால் நல்ல கண்ணாடி என்று முடிவு கட்டிவிடுவோம். அந்தச் சோதனையில் கூச்சம் பற்றி மட்டுமே தெரியவரும். கண்ணைக் கெடுப்பது புற ஊதாக் கதிர். அது கண்ணுக்குத் தெரியாது, கூசவும் செய்யாது. லென்ஸின் சாயம் குறைப்பது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை. புற ஊதாக் கதிரை நிறுத்துவது லென்ஸ் செய்த பிளாஸ்டிக்கோ அதில் கலந்த நிறமற்ற ரசாயனமோதான். அதனால் துளியும் நிறமில்லாத லென்ஸ் கதிரை முழுக்கத் தடுக்கலாம். கன்னங்கரேலென்ற லென்ஸ் அப்படியே உள்ளே விட்டுவிடலாம். இந்த இரண்டாவது வகை வெறுங்கண்ணைவிட மோசமாகவும் ஆகக்கூடும். இருட்டில் இருப்பதாக நினைத்துக் கண்ணின் பாப்பா விரிகிறது, இமையைச் சுருக்கும் இயல்பும் நின்றுபோகிறது.

இன்னொரு கவனக்குறைவு இதைவிடப் பெரியது. லென்ஸுக்குள் புகுந்து வரும் கதிரைப் பற்றியே யோசிக்கிறோம், லென்ஸைச் சுற்றிக்கொண்டு வருவதை மறந்துவிடுகிறோம். தரமான லென்ஸ் போட்டவருக்கு மிச்சமிருக்கும் ஆபத்து ஏறக்குறைய எல்லாம் பக்கவாட்டிலும் புருவத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவிலும் உள்ள இடுக்குகளில்தான் நுழைகிறது. இங்கே சொல்லப்போவதில் பாதி அந்த இடுக்குகளை அடைப்பது பற்றியது.

கதிர் எங்கே தாக்குகிறது

சூரியனிலிருந்து வரும் புற ஊதாக் கதிரில் மூன்று வகை. அலைநீளம் 100 முதல் 280 நானோமீட்டர் வரையிலான சி வகையை ஓசோன் படலமும் காற்றும் நிறுத்திவிடுகின்றன. 280 முதல் 315 வரை பி வகை, 315 முதல் 400 வரை ஏ வகை. பி வகையில் பெரும்பகுதியைக் கருவிழியின் முன்படலமே உறிஞ்சிக்கொள்கிறது. ஏ வகையில் பெரும்பகுதி கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸில் நின்றுவிடுகிறது. பெரியவர்களின் விழித்திரைக்குப் போய்ச் சேருவது மிகக் கொஞ்சம். குழந்தைகளின் லென்ஸ் தெளிவாக இருப்பதால் அவர்களுக்கு அதிகம் போகிறது.

விளைவுகளில் சில அன்றைக்கே தெரியும், சில பல வருடம் கழித்து. பனிப்பரப்பிலோ கடலிலோ நாள் முழுக்க இருந்தவருக்கு அன்றிரவே கண் எரிந்து, மண் விழுந்ததுபோல உறுத்தி, திறக்க முடியாமல் போவது முதல் வகை. இது கருவிழியின் மேற்பரப்பு வெயிலில் வெந்துபோவது. பல ஆண்டு வெயில் சேர்ந்து உண்டாக்குபவை வேறு. வெள்ளைவிழியில் மஞ்சள் திட்டு, மூக்குப் பக்கத்திலிருந்து கருவிழி மேல் ஏறும் சதை வளர்ச்சி, கண்புரையில் ஒரு வகை எல்லாம் இதில் அடங்கும்.

புற்றுநோய் என்று வரும்போது பலர் கண்ணுருண்டையை நினைக்கிறார்கள். வெயிலால் வருவது பெரும்பாலும் இமைத் தோலில்தான். தோல் புற்றுநோய்களில் 5 முதல் 10 சதவீதம் இமையில் வருவதாகக் கணக்கு. உடம்பிலேயே மிக மெல்லிய தோல் அங்கேதான் இருக்கிறது. வெளிர்தோல் உள்ளவர்களுக்கு மிக அதிகமாக வருவது அடித்தள செல் புற்று. இது கீழிமையிலும் மூக்கோரக் கண்முனையிலும்தான் அதிகம் காணப்படும். அடுத்தது, கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் விளிம்பில் வரும் செதிள் செல் புற்று. வெயிலோடு எச்.ஐ.வி. தொற்றும், மரு உண்டாக்கும் ஹெச்.பி.வி. வைரஸும் இதற்குத் துணைபோகின்றன. கண்ணுக்குள்ளே வரும் மெலனோமா என்ற நிறமி செல் புற்றுக்கும் வெயிலுக்கும் நேரடித் தொடர்பு உறுதியாக நிறுவப்படவில்லை. வெளிர்நிறக் கண், வெளிர்தோல், வெல்டிங் வேலை ஆகியவற்றோடு தொடர்பு தெரிகிறது. சூரியக் கதிர், தோல் நிறத்தை மாற்றப் படுக்கும் மின்விளக்குப் படுக்கை, வெல்டிங் கதிர் மூன்றையுமே பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்று உண்டாக்குபவை என்று முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

கருந்தோல் உள்ளவர்களுக்கு இமையில் அடித்தள செல் புற்று வருவது குறைவு. சதை வளர்ச்சியும் கண்புரையும் தோலின் நிறத்தைப் பார்த்து விட்டுவைப்பதில்லை.

உச்சி வெயிலைவிடச் சாய்ந்த வெயில்

தோலுக்கு ஆபத்தான நேரம் நண்பகல். கண்ணுக்கு அப்படியே பொருந்தாது. சூரியன் தலைக்கு மேல் இருக்கும்போது புருவ எலும்பும் மேலிமையும் கண்ணுக்குக் கூரையாக நிற்கின்றன. கூசுவதால் நாமும் குனிந்தே நடக்கிறோம். காலை 8 முதல் 10 வரையும், பிற்பகல் 2 முதல் 4 வரையும் சூரியன் சாய்ந்து நேராக முகத்தில் அடிக்கிறது. ஜப்பானில் பொம்மைத் தலையின் கண்ணில் உணரிகளைப் பொருத்தி அளந்தபோது, சூரியனைப் பார்த்திருந்த கண்ணில் கதிரின் அளவு உச்சம் தொட்டது நண்பகலில் அல்ல, காலையிலும் பிற்பகலிலும்தான். ஆகவே புற ஊதாக் கதிரின் வீரியத்தைச் சொல்லும் யூவி இன்டெக்ஸ் 3-ஐத் தொட்டால் பாதுகாப்பு தேவை என்ற பொதுவிதியைத் தோலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சூரியனை நோக்கி நடக்கவோ வண்டி ஓட்டவோ வேண்டியிருந்தால் இன்டெக்ஸ் எவ்வளவு என்று பார்க்காமல் கண்ணாடியை மாட்டிக்கொள்ளுங்கள்.

கீழிருந்து வருவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். புதுப் பனி 80 சதவீதம் வரை கதிரைத் திருப்பி அடிக்கிறது. கடல் நுரை சுமார் 25, உலர்ந்த மணல் சுமார் 15. புல்தரை மிகக் குறைவு. புருவமோ தொப்பியோ இதைத் தடுக்காது. உயரம் கூடக் கூட, ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் கதிர் 10 சதவீதம் அளவுக்குக் கூடுகிறது. மெல்லிய மேகத்தை 80 சதவீதம் வரை ஊடுருவிவிடும். மேகமூட்டத்தில் கூசுவதில்லை என்பதால் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிடுகிறோம். பாப்பா விரிந்திருக்கும் அந்த நேரத்தில் கதிர் வந்துகொண்டுதான் இருக்கிறது.

பக்கவாட்டு வெளிச்சத்துக்கு ஒரு தனிக் கெடுதல் உண்டு. காதோரத்திலிருந்து சாய்வாகக் கண்ணில் விழும் கதிரைக் கருவிழியின் வளைவு ஒரு பூதக்கண்ணாடி மாதிரி மடக்கி, எதிர்ப்பக்கம், அதாவது மூக்கோர விளிம்பில் குவிக்கிறது. ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் மினாஸ் கொரோனியோ 1990-களில் இதை விளக்கினார். குவியும் இடத்தில் வீரியம் சுமார் 20 மடங்கு வரை கூடுகிறது. கண்ணில் சதை வளர்ச்சி பெரும்பாலும் மூக்குப் பக்கத்தில் தொடங்குவது ஏன் என்பதற்கு இதுவே ஏற்கப்பட்ட விளக்கம். கருவிழியைப் புதுப்பிக்கும் மூல செல்கள் இருப்பதும் அந்த விளிம்பில்தான்.

கண்ணாடி வாங்கும்போது

முதலில் தேட வேண்டியது யூவி 400 என்ற குறிப்பு. 400 நானோமீட்டர் வரையுள்ள கதிரைத் தடுக்கும் என்று பொருள். வெறும் ‘யூவி புரொடெக்‌ஷன்’ என்று மட்டும் எழுதியிருந்தால் எவ்வளவு, எதுவரை என்று எதுவும் தெரியாது. ஐ.எஸ்.ஓ. 12312-1 என்ற பன்னாட்டுத் தரக்குறிப்பு இருந்தால் அந்த லென்ஸ் ஒரு முறையான அளவுகோலுக்கு உட்பட்டது. ஆனால் அந்தத் தரம் புற ஊதா என்று கணக்கெடுப்பது 380 வரைதான். அதனால் இரண்டு குறிப்பும் சேர்ந்திருப்பது நல்லது.

அடுத்தது சாய அளவு. 0 முதல் 4 வரை எண் போட்டிருக்கும், பெரும்பாலும் காதுத்தண்டின் உட்புறத்தில். 0 என்றால் 80 சதவீதத்துக்கு மேல் வெளிச்சம் உள்ளே வரும். 1 என்றால் 43 முதல் 80, 2 என்றால் 18 முதல் 43, 3 என்றால் 8 முதல் 18, 4 என்றால் 3 முதல் 8. பொது உபயோகத்துக்கு 2 அல்லது 3 போதும். 4 பனிமலைக்கும் பனிப்பாறைக்கும் உரியது, அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக்கூடாது. இந்த எண் கூச்சத்துக்கான எண் மட்டும்தான். புற ஊதாத் தடுப்பு இதில் அடங்காது.

லென்ஸ் பொருளில் பாலிகார்பனேட் சௌகரியமானது. தன்னியல்பாகவே 380 வரை தடுத்துவிடும், எளிதில் உடையாது. சி.ஆர்.39 என்ற சாதாரண பிளாஸ்டிக் லென்ஸ் 350 அளவோடு நின்றுவிடும், மேற்கொண்டு ரசாயனம் சேர்த்தால்தான் 400-ஐத் தொடும். பிளாஸ்டிக் அல்லாத சாதாரணக் கண்ணாடியில் செய்த லென்ஸ் ஏ வகைக் கதிரை நிறையவே விட்டுவிடும்.

போலரைஸ்டு என்றால் தண்ணீர், சாலைப் பரப்பில் தெறிக்கும் கூச்சத்தை வடிகட்டும், அவ்வளவுதான். வண்டி ஓட்டுவோருக்கும் மீன்பிடிப்போருக்கும் அருமையான வசதி, புற்றுநோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மேலே பளபளக்கும் மிரர் பூச்சும் அப்படியே. நீல வெளிச்சத்தைத் தடுக்கும் லென்ஸும் யூவி 400-ம் வேறுவேறு. கைபேசித் திரையால் கண்ணில் புற்று வரும் என்பதற்கு ஆதாரமில்லை. அந்தக் காசை நல்ல ஃபிரேமுக்குச் செலவிடலாம்.

ஏனென்றால் வடிவம்தான் பாதி வேலையைச் செய்கிறது. கன்னம் வரை இறங்கி, புருவத்தைத் தொட்டு, காதோரம் வரை வளைந்து மூடும் ‘ரேப் அரவுண்ட்’ வகை முதல் தேர்வு. அது முகத்துக்குப் பொருந்தவில்லை என்றால் காதுத்தண்டு அகலமாக இருக்கும் ஃபிரேமை எடுங்கள். அகலமான தண்டு பக்கச்சுவர் போல நின்று வெளிச்சத்தை மறைக்கும். வட்டமான சின்ன லென்ஸ், மெல்லிய கம்பித் தண்டு ஆகியவை அழகுக்குச் சரி, வெயிலுக்கு உதவாது.

ஏற்கனவே வாங்கிய கண்ணாடி கதிரைத் தடுக்கிறதா என்று அறிய நம்பகமான வழி ஒன்றுதான்: கண்ணாடிக் கடையில் உள்ள அளவிடும் கருவியில் வைத்துப் பார்ப்பது. ஒரு நிமிட வேலை. வீட்டில் புற ஊதா டார்ச்சும் ரூபாய் நோட்டில் ஒளிரும் இழையும் வைத்துப் பார்க்கும் சோதனை எளிதில் ஏமாற்றிவிடும். மலிவான டார்ச் பெரும்பாலும் 395 நானோமீட்டர் வகை. அதில் ஊதா வெளிச்சமும் கலந்திருப்பதால் நல்ல லென்ஸும் கொஞ்சம் விடுவதுபோலத் தோன்றும். கறுப்பு லென்ஸ் வழியாகப் பார்த்தால் இழையின் ஒளிர்வே மங்கிவிடும், கதிர் நின்றதா இல்லையா என்று பிரித்தறிய முடியாது. செய்தே ஆக வேண்டுமென்றால் 365 நானோமீட்டர் டார்ச் எடுத்து, லென்ஸை டார்ச்சுக்கும் நோட்டுக்கும் நடுவில் வைத்து, நோட்டை நேராகப் பாருங்கள். இழை பளிச்சென்று ஒளிர்ந்தால் அந்த லென்ஸ் வேண்டாம். ஒளிராவிட்டால் 365-இல் நிற்கிறது என்று மட்டும் தெரியும், 400 வரை என்று சொல்ல முடியாது. டார்ச்சைக் கண்ணில் அடித்துப் பார்க்காதீர்கள்.

மாட்டும் விதம்

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முகம் பார்க்கும் கண்ணாடி முன் பக்கவாட்டில் திரும்பி நில்லுங்கள். கண்ணின் வெளிமுனை வெட்டவெளியாகத் தெரிகிறதா? அந்த வழியாகத்தான் மூக்கோர விளிம்புக்குக் கதிர் போகிறது. அடுத்து ஒரு சுண்டுவிரலை ஃபிரேமின் மேல்விளிம்புக்கும் புருவத்துக்கும் நடுவில் நுழைத்துப் பாருங்கள். தாராளமாக நுழைந்தால் கண்ணாடி தூரமாக நிற்கிறது. சில மில்லிமீட்டர் வழுக்கி இறங்கினாலே மேலே ஒரு நீண்ட பிளவு திறந்துவிடும். மூக்குத் தாங்கியைக் குறுக்கிக் காதுத்தண்டின் முனையைக் கடைக்காரரிடம் சூடுபடுத்தி வளைத்துக்கொண்டால் ஃபிரேம் புருவத்தோடு ஒட்டி நிற்கும். இமைமுடி லென்ஸில் உரசாத அளவுக்கு நெருக்கம் போதும்.

மூன்றாவது சோதனையைப் பலர் செய்வதில்லை. முதுகு ஜன்னல் பக்கம் இருக்கும்படி நின்று, லென்ஸின் உட்புறத்தைக் கவனியுங்கள். பின்னால் உள்ள ஜன்னல் அதில் பிரதிபலித்துத் தெரிந்தால், பின்னாலிருந்து வரும் கதிரும் அங்கே பட்டுத் திரும்பிக் கண்ணுக்குள் வரும். கூச்சமெதிர்ப்புப் பூச்சு உள்ள சில லென்ஸ்கள் தெரியும் வெளிச்சத்தை நன்றாக அடக்கினாலும் புற ஊதாவை உட்பக்கம் கூடுதலாகப் பிரதிபலிக்கும். லென்ஸ் சொல்லிச் செய்யும்போது ‘உட்பக்கமும் புற ஊதாவைப் பிரதிபலிக்காத பூச்சு’ என்று கேட்டு வாங்குங்கள். பக்கவாட்டில் மூடிய ஃபிரேமில் இந்தப் பிரச்சினை தானாகவே குறைந்துவிடும்.

பார்வைக் குறைக்குக் கண்ணாடி போடுபவர்கள் தங்கள் வழக்கமான நிறமற்ற லென்ஸையே யூவி 400 வகையாகச் செய்துகொள்ளலாம். வெயிலில் கறுக்கும் ஃபோட்டோகுரோமிக் லென்ஸ் வெளுத்திருக்கும்போதும் புற ஊதாவைத் தடுக்கும். காருக்குள் அது சரியாகக் கறுக்காமல் போவதற்குக் காரணம், முன்கண்ணாடியே அந்தக் கதிரை நிறுத்திவிடுவதுதான். முன்கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டியது. பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் அப்படியில்லை, ஏ வகைக் கதிரை எவ்வளவு விடும் என்பது காருக்குக் கார் மாறும். தினமும் நெடுந்தூரம் ஓட்டுபவர் ஜன்னல் பக்கக் கண்ணை மறக்கக் கூடாது.

புற ஊதாவைத் தடுக்கும் காண்டாக்ட் லென்ஸ்களில் முதல் வகுப்பு ஏ வகையில் 90 சதவீதம், பி வகையில் 99 சதவீதம் தடுக்கும். இரண்டாம் வகுப்பு 70-ம் 95-ம். கருவிழிக்கும் உள்லென்ஸுக்கும் நல்ல கவசம். ஆனால் புற்று வரும் இடங்களான இமையும் வெள்ளைவிழியும் வெளியேதான் இருக்கின்றன. அதைப் போட்டுக்கொண்டு கூலிங் கிளாஸை விட்டுவிடாதீர்கள்.

தொப்பி

விளிம்பு சுற்றிலும் குறைந்தது 7.5 சென்டிமீட்டர் இருந்தால் கண்ணில் விழும் கதிர் பாதியளவு குறையும். முன்னால் மட்டும் நீண்ட கேப் பக்கங்களை அப்படியே திறந்துவிடுகிறது. விளிம்பின் அடிப்புறம் கருநிறமாக இருந்தால் தரையிலிருந்து வருவது அதில் பட்டுக் கண்ணுக்குத் திரும்பாது. பின்னல் தொப்பியை வானத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிந்தால் கதிரும் வரும். குடை நேர்வெயிலை மறைக்கும். நாற்புறமும் வானத்திலிருந்து சிதறி வருவதை மறைக்காது.

இமைக்குச் சன்ஸ்கிரீன்

இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சன்ஸ்கிரீன் பூசியவர்களைப் புற ஊதா கேமராவில் படமெடுத்தபோது, முகத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு பூசாமல் விடுபட்டிருந்தது. அதிகம் விடுபட்டது இமைகளும் மூக்கோரக் கண்முனையும். புற்று அதிகம் வரும் இடத்தைத்தான் கை தவிர்க்கிறது. எரியும் என்ற பயம்தான் காரணம், அது நியாயமான பயமும்கூட.

எரிச்சலைத் தவிர்க்க ஜிங்க் ஆக்சைடோ டைட்டானியம் டை ஆக்சைடோ மட்டும் உள்ள கனிம வகையைத் தேர்ந்தெடுங்கள். எஸ்.பி.எஃப். என்ற வெயில் தடுப்பு எண் 30-க்குக் குறையக் கூடாது, ஏ, பி இரண்டையும் தடுக்கும் என்று எழுதியிருக்க வேண்டும், வாசனை சேர்க்காததாக இருக்க வேண்டும். குச்சி வடிவில் வரும் மெழுகு வகை வியர்வையில் ஒழுகிக் கண்ணுக்குள் போகாது. ஸ்பிரேயை முகத்தில் அடிக்கவே கூடாது.

1. முகத்தைக் கழுவித் துணியால் ஒற்றி உலரவிடுங்கள். ஈரத்தில் பூசினால் திட்டுத்திட்டாகும்.
2. ஒரு கண்ணுக்கு இரண்டு அரிசி மணி அளவு எடுத்து மோதிர விரலில் வையுங்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் எஸ்.பி.எஃப். அளக்கப்படுகிறது. அதற்குக் குறைந்தால் அட்டையில் போட்ட எண் கிடைக்காது.
3. கண்ணை மூடி, புருவத்துக்குக் கீழிருந்து மேலிமை மடிப்பு வரை ஒற்றி ஒற்றி வையுங்கள். தேய்த்தால் இமை இழுபட்டுக் கண்ணுக்குள் போகும்.
4. கீழிமையில் கன்ன எலும்பிலிருந்து மேல்நோக்கி வந்து, இமைமுடி வரிசைக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் முன்பே நிறுத்துங்கள்.
5. மூக்கும் கண்ணும் சேரும் குழிக்கு விரல்நுனியில் தனியாக ஒருமுறை. விடுபடுவது இதுதான்.
6. 15 நிமிடம் கழித்து வெயிலுக்குப் போங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள். வியர்த்தால், கண்ணைத் துடைத்தால் அதற்கு முன்பே.

வியர்வையைக் கையால் வழித்தால் நெற்றியிலுள்ள சன்ஸ்கிரீன் முழுக்கக் கண்ணுக்குத்தான் வரும். துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கண்ணில் பட்டு எரிந்தால் சுத்தமான தண்ணீரில் அலசினால் போதும், பார்வைக்குக் கேடில்லை.

தனிக் கவனம் யாருக்கு

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை நேர்வெயிலில் வைக்கவே வேண்டாம். அதற்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு விளிம்பு அகலமான தொப்பி முதலில், பாலிகார்பனேட் கண்ணாடி பிறகு. பொம்மைக் கண்ணாடிகள் கறுப்புச் சாயம் மட்டுமே பூசியவையாக இருக்கலாம்.

டாக்ஸிசைக்ளின் போன்ற டெட்ராசைக்ளின் மருந்துகள், ஹைட்ரோகுளோரோதயசைடு, அமியோடரோன், வோரிகோனசோல் எடுப்பவர்களுக்கு வெயில் கூடுதலாகத் தாக்கும். மருந்தை நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் கேட்டுப் பாதுகாப்பைக் கூட்டுங்கள். தோல் சிகிச்சைக்காக சோராலின் மாத்திரை எடுத்தவர், மருத்துவர் வேறு சொல்லாதவரை, அடுத்த 24 மணி நேரம் வீட்டுக்குள்ளும் ஜன்னலோரத்தில் புற ஊதாத் தடுப்புக் கண்ணாடி போட வேண்டும். உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்குத் தோல் புற்றின் அபாயம் பல மடங்கு.

வெல்டிங்கில் ஆபத்து வெல்டருக்கு மட்டுமில்லை. கவசம் போட்ட அவரைவிடப் பக்கத்தில் வெறுங்கண்ணோடு நிற்கும் உதவியாளருக்குத்தான் அடிக்கடி கண் வெந்துபோகிறது. வெல்டிங் ஒளியில், வெயிலில் நம்மை எட்டாத சி வகைக் கதிரும் உண்டு. திரைமறைப்பு கட்டுங்கள், உதவியாளருக்கும் கவசம் கொடுங்கள். கிருமி கொல்லும் யூவி விளக்கும் இதே ரகம், எரியும்போது அந்த அறைக்குள் யாரும் இருக்கக் கூடாது.

சூரிய கிரகணத்துக்குக் கூலிங் கிளாஸ் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் உதவாது. ஐ.எஸ்.ஓ. 12312-2 தரத்தில் செய்த தனி வடிகட்டி தேவை. சூரியனை நேராகப் பார்த்தால் விழித்திரை வலிக்காமலேயே வெந்துவிடும். விழித்திரைக்கு வலி தெரியாது.

கண் வெந்துவிட்டால்

வெயிலில் இருந்து 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் எரிச்சல் தொடங்கும். அதனால் பலர் வேறு காரணம் தேடுகிறார்கள். காண்டாக்ட் லென்ஸை உடனே கழற்றுங்கள். இருட்டறையில் கண்ணை மூடிப் படுத்து, குளிர்ந்த ஈரத்துணியை மேலே வையுங்கள். பாதுகாப்பு ரசாயனம் சேர்க்காத செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு விடலாம், வலிக்குப் பாரசிட்டமால் எடுக்கலாம். கண்ணைத் தேய்க்கக் கூடாது. எண்ணெய், பால் எதையும் ஊற்றக் கூடாது. மரத்துப்போகச் செய்யும் சொட்டுமருந்தை வாங்கி வைத்து மறுபடி மறுபடி விடுவது எல்லாவற்றிலும் மோசம். வலி போனதுபோல இருக்கும், ஆனால் கருவிழியில் புண் ஆறாமல் ஆழமாகும். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளில் தானாக ஆறிவிடும். 24 மணி நேரத்தில் குறையத் தொடங்காவிட்டாலோ, பார்வை மங்கினாலோ, சீழ் வடிந்தாலோ கண் மருத்துவரிடம் போங்கள்.

மாதம் ஒருமுறை பார்க்க வேண்டியவை

பகல் வெளிச்சத்தில், ஜன்னலைப் பார்த்தபடி, கையில் ஒரு சின்னக் கண்ணாடியோடு நில்லுங்கள். முதலில் கண்ணை லேசாக மூடி மேலிமையைப் பாருங்கள், ஒரு கண்ணைத் திறந்து மற்றதைப் பார்க்கலாம். பிறகு ஆள்காட்டி விரலால் கீழிமையை இழுத்து உட்புறச் சிவப்பைப் பாருங்கள். மேலிமையைத் தூக்கி மேல், கீழ், இடம், வலம் என்று கண்ணை உருட்டி வெள்ளைவிழி முழுவதையும் பாருங்கள். கடைசியில் மூக்கோரக் குழியை விரித்துப் பாருங்கள்.

கவனிக்க வேண்டியவை இவை. முத்துப்போலப் பளபளக்கும் விளிம்பும் அதில் மெல்லிய ரத்தக்குழாய்களும் கொண்ட சிறு கட்டி. பொருக்குத் தட்டி, ஆறியதுபோல இருந்து, மறுபடி ரத்தம் கசியும் புண். இமையின் ஒரே இடத்தில் முடி உதிர்ந்து வழுக்கையாவது. கருவிழி விளிம்பில் வெள்ளையாகவோ ஜெல்லிபோலவோ புடைத்து, தடித்த ரத்தக்குழாய் ஓடும் திட்டு. வயதுவந்த பிறகு ஒரு கண்ணில் மட்டும் புதிதாகத் தோன்றிப் பரவும் பழுப்புக் கறை. இவற்றில் எதுவும் 4 வாரத்தில் மறையவில்லை என்றால் காட்டிவிட வேண்டும். வலி இல்லையே என்று தள்ளிப்போடாதீர்கள், இமைப் புற்று ஆரம்பத்தில் வலிப்பதில்லை.

அதிகம் ஏமாற்றுவது ஒன்று உண்டு. இமையில் எண்ணெய்ச் சுரப்பி அடைத்து வரும் கட்டி எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் கீறி எடுத்த பிறகு அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால், அல்லது ஒரு கண் மட்டும் மாதக்கணக்கில் சிவந்து எந்தச் சொட்டுமருந்துக்கும் அடங்காமல் இருந்தால், அது எண்ணெய்ச் சுரப்பிப் புற்றாக இருக்கலாம். ஆசிய நாடுகளில் இமைப் புற்றுகளில் இதன் பங்கு அதிகம். வெயிலோடு இதற்குள்ள தொடர்பு மற்றவை அளவுக்குத் தெளிவாக இல்லை, அதனால் கண்ணாடியும் தொப்பியும் தவறாமல் போடுபவரும் இதைச் சோதிக்க வேண்டும்.

கண்ணுக்குள் வருவதைக் கண்ணாடியில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பார்வையின் ஓரத்தில் நிழல், மின்னல் போன்ற வெளிச்சம், பாப்பாவின் வடிவம் மாறுவது ஆகியவை தெரிந்தால் உடனே போங்கள். இல்லாவிட்டாலும் 40 வயதுக்கு மேல் ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பாப்பாவை விரித்துப் பார்க்கும் சோதனை நல்லது.

சந்தேகத் திட்டைக் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். அதே ஜன்னல், அதே நேரம், பக்கத்தில் ஒரு அளவுகோல். அடுத்த மாதப் படத்தோடு ஒப்பிட்டால் வளர்கிறதா என்பது ஊகமில்லாமல் தெரியும், மருத்துவருக்கும் காட்டலாம். கண்ணில் வளர்ந்த சதையையோ இமைக் கட்டியையோ அறுவையில் எடுத்தால், எடுத்த திசுவைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புகிறார்களா என்று முன்னதாகவே கேளுங்கள். சாதாரணச் சதை வளர்ச்சி என்று எடுத்ததில் ஆரம்பநிலைப் புற்று ஒளிந்திருப்பது அவ்வப்போது நுண்ணோக்கியில்தான் தெரியவரும். அறிக்கை வந்ததும் ஒரு நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.